எஃப்1 அழுத்தினால் அந்தத் திரைக்கான உதவி திறக்கணும்: 180 பக்க பிடிஎஃப்-ஐ என்ன செய்வது?

சரக்கறை (கேள்வி)

வணக்கம். சரக்கிருப்பும் பில்லிங்கும் சேர்ந்த விண்டோஸ் செயலி ஒன்று. இப்போது அதற்கு வெப் பதிப்பும் வந்திருக்கிறது. சுமார் 60 திரைகள். உதவி என்று இருப்பது வேர்டில் எழுதி பிடிஎஃப் ஆக்கிய 180 பக்கக் கையேடு. எஃப்1-ஐ எந்தத் திரையில் அழுத்தினாலும் அதன் முதல் பக்கம்தான் வரும். அதனால் யாரும் திறப்பதில்லை, நேரே சப்போர்ட்டைக் கூப்பிடுகிறார்கள்.

இனி வேண்டியது: எந்தத் திரையில் எஃப்1 அழுத்தினாலும் அதற்குரிய பக்கம் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும். இணையமே இல்லாத கணினிகளிலும் செயலி ஓடுகிறது, அங்கேயும் தேடல் வேலை செய்ய வேண்டும். எழுத ஒருவர், நிரலர்கள் மூன்று பேர்.

சிஎச்எம் (விண்டோஸின் பழைய உதவிக் கோப்பு வடிவம்) போதும் என்று ஒரு கட்சி, எம்கேடாக்ஸ் அல்லது ஸ்பிங்க்ஸ் (எழுதிய உரையை வெப் பக்கங்களாக்கும் கருவிகள்) என்று இன்னொரு கட்சி. எதை எடுப்பது? பிடிஎஃப்-ஐ அப்படியே ஹெச்டிஎம்எல் ஆக்கிப் போட்டால் போதாதா? அதில் 240 ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

பழைய_ஹெல்ப்

தமிழ் வேண்டும் என்றால் சிஎச்எம் பக்கமே போகாதீர்கள். 1997-இல் வந்த வடிவம் அது. உள்ளே இருக்கும் பக்கங்களை யூடிஎஃப்-8-இல் வைக்கலாம், தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் இடப்பக்கப் பொருளடக்கம், இன்டெக்ஸ், முழு உரைத் தேடல் மூன்றும் விண்டோஸின் பழைய கோட்பேஜை (மொழிக்கொரு எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) நம்பி எழுதப்பட்டவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு கோட்பேஜே கிடையாது, யூனிகோட் மட்டும்தான். விளைவு: பக்கம் தமிழில், பொருளடக்கம் கேள்விக்குறிகளில்.

ஆங்கிலம் மட்டும் என்றாலும் தலைவலி உண்டு. சிஎச்எம் கோப்பை நெட்வொர்க் ஷேரில் வைத்துத் திறந்தால் பட்டியல் வரும், பக்கம் வராது. 2005 பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து இப்படித்தான். மெயிலிலோ டவுன்லோடிலோ வந்த கோப்பும் அதேபோல வெறுமையாகத் திறக்கும். ப்ராப்பர்ட்டீஸ் போய் அன்பிளாக் செய்ய வேண்டும். கோப்புறைப் பெயரில் # இருந்தாலும் திறக்காது. இத்தனைக்கும் சப்போர்ட்டுக்குத்தான் போன் வரும்.

ஸ்டாட்டிக் ஹெச்டிஎம்எல் எடுங்கள். ஒரே மூலம், ஒரே பில்ட் (மூலத்திலிருந்து பக்கங்களை உருவாக்கும் ஓட்டம்). ஒரு பிரதி சர்வரில், ஒரு பிரதி இன்ஸ்டாலரில். இணையம் இல்லாத பிரதியில் மூன்று இடங்களில் இடறும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, எம்கேடாக்ஸ் இயல்பாக ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கோப்புறையாக்கி, உள்ளே இன்டெக்ஸ் கோப்பு வைக்கும். சர்வர் இருந்தால் சரி. டிஸ்க்கிலிருந்து திறந்தால் லிங்க்கை அழுத்தும்போது கோப்புறைப் பட்டியல்தான் வரும். டைரக்டரி யூஆர்எல் அமைப்பை ஆஃப் செய்ய வேண்டும்.

இரண்டாவது, தேடல். எம்கேடாக்ஸ் தன் தேடல் இன்டெக்ஸை ஜேசன் என்ற தரவுக் கோப்பாக வைத்து, ஓடும்போது எடுத்துவரும். டிஸ்க்கிலிருந்து திறந்த பக்கம் இன்னொரு கோப்பை அப்படி எடுக்க பிரவுசர் விடாது. தேடல் பெட்டி இருக்கும், எதைத் தட்டினாலும் ஒன்றும் வராது. எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் தீமில் இதற்கென்று ஆஃப்லைன் ப்ளக்இன் இருக்கிறது. ஸ்பிங்க்ஸ் தன் இன்டெக்ஸை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகவே வைப்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். செயலியிலிருந்து உள்ளூர் ஹெச்டிஎம்எல் கோப்பை டீஃபால்ட் பிரவுசரில் திறக்கச் சொன்னால், யூஆர்எல்லில் # க்குப் பின்னால் இருப்பதை விண்டோஸ் வழியிலேயே கழற்றிவிடும். பக்கம் திறக்கும், பத்திக்குப் போகாது. ஒவ்வொரு உதவி ஐடிக்கும் (திரைக்கு நிரலில் வைக்கும் அடையாளப் பெயர்) ஒரு குட்டித் தாவல் பக்கம் வைப்பது எளிய வழி: அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரி, அது உண்மையான பக்கத்துக்கும் பத்திக்கும் அனுப்பிவிடும். செயலி தாவல் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும்.

வெப்வியூ2-வை (செயலிக்குள் வெப் பக்கம் காட்டும் மைக்ரோசாஃப்ட் கூறு) வைத்துக் காட்டினால் கடைசி இரண்டும் ஒரேயடியாகத் தீரும், ஏனென்றால் ஒரு உள்ளூர் கோப்புறைக்குக் கற்பனை டொமைன் பெயர் கொடுக்க அதில் வசதி இருக்கிறது; பிரவுசர் அதை சர்வர் என்றே நினைத்துக்கொள்ளும். ஆனால் இணையம் இல்லாத விண்டோஸ் 10 கணினியில் வெப்வியூ2 ரன்டைம் இருக்கும் என்று நம்ப முடியாது. முழு ஆஃப்லைன் இன்ஸ்டாலரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நிரல்வழி

கருவி எதுவானாலும் பிறகு மாற்றலாம். மாற்ற முடியாமல் போவது ஐடிதான், பக்கம் எழுத உட்காரும் முன் அதை முடிவு செய்யுங்க.

நிரலுக்குள்ள எந்த இடத்திலும் உதவிப் பக்கத்தோட கோப்புப் பெயரோ யூஆர்எல்லோ வரவே கூடாது. திரைக்கு ஒரு ஐடி, அவ்வளவுதான். ஆங்கில எழுத்துல, சிறிய எழுத்துல, மாட்யூல்-புள்ளி-வேலை என்ற மாதிரி: ஸ்டாக் புள்ளி அட்ஜஸ்ட், பில் புள்ளி கேன்சல். மெனுவோட பெயரை ஐடில வைக்காதீங்க. அடுத்த ரிலீஸ்ல மெனு மாறும், ஐடி மாறக்கூடாது. பழைய நிரல்ல எண் ஐடி இருந்தா அதையும் தூக்கிப் போட வேண்டாம், அட்டவணைல இன்னொரு காலமா வெச்சுக்கலாம்.

அட்டவணை ஒரே ஒரு சிஎஸ்வி கோப்பு: ஐடி, பக்கம், ஆங்கர் (பக்கத்துக்குள்ள ஒரு பத்திக்கு நேரே போற குறி), எந்தப் பதிப்பிலிருந்து. அது நிரல் இருக்கிற அதே ரெப்போல (நிரல் கோப்புகளைச் சேமிக்கிற இடம்) இருக்கணும். எஃப்1 அழுத்தினா செயலி ஐடி, பதிப்பு எண், மொழி மூணையும் அனுப்பும். ஆன்லைன்ல ஒரு சின்ன ரீடைரக்ட் ஸ்கிரிப்ட் அட்டவணையைப் பார்த்து அனுப்பிவிடும். ஆஃப்லைன்ல மேலே சொன்ன தாவல் பக்கங்களை இதே அட்டவணைலருந்து பில்ட் உருவாக்கும்.

பில்ட்ல ரெண்டு சோதனை கட்டாயம். நிரல்ல இருக்கிற ஐடி அட்டவணைல இல்லைன்னா பில்ட் விழணும். அட்டவணைல இருக்கிற பக்கமும் ஆங்கரும் வெளியான ஹெச்டிஎம்எல்-ல இல்லைன்னாலும் விழணும். எச்சரிக்கையா விட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. எம்கேடாக்ஸ்ல ஸ்ட்ரிக்ட் மோட், ஸ்பிங்க்ஸ்ல எச்சரிக்கையைப் பிழையாக்குற ஆப்ஷன் ரெண்டையும் இதோடவே போட்டு வெச்சிடுங்க. பக்கங்களுக்குள்ள உடைஞ்ச லிங்க் அதுல மாட்டும்.

தெரியாத ஐடி வந்தா? 404 காட்டாதீங்க, முகப்புக்கும் அனுப்பாதீங்க. புள்ளிக்கு முன்னால இருக்கிற மாட்யூல் பெயரை எடுத்து அந்த மாட்யூலோட முதல் பக்கத்துக்கு அனுப்பி, ஐடியை லாக்ல எழுதிடுங்க.

60 திரைன்னா 60 பக்கம்னு அர்த்தம் இல்லை. அஞ்சு படி விசார்டுக்கு அஞ்சு ஐடி, ஒரே பக்கம். ரெண்டு டேப்ல ரெண்டு வேற வேலை நடந்தா ஒரே திரைக்கு ரெண்டு ஐடி, ரெண்டு பக்கம். ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டிக்கும் ஐடி வைக்க ஆரம்பிச்சா பராமரிக்கவே முடியாது. பெட்டியைப் பத்தி ஒரு வரி சொல்லணும்னா அதை பெட்டிக்குக் கீழேயே எழுதிடலாம்.

பதிப்பு எண் எதுக்குன்னா, 4-ல இருக்கிறவருக்கு 5-ஓட திரையைக் காட்டினா உதவி பொய் சொல்ற மாதிரி ஆகிடும். பெரிய பதிப்புக்கு ஒரு கோப்புறை போதும், 5.1-க்கும் 5.2-க்கும் தனித்தனியா வேண்டாம். பழைய கோப்புறைப் பக்கங்கள்ல கேனானிக்கல் லிங்க் (எது முதன்மைப் பக்கம்னு தேடுபொறிக்குச் சொல்றது) புதுசைக் காட்டட்டும், இல்லைன்னா கூகுள்ல பழசுதான் மேலே நிற்கும்.

சரக்கறை

நன்றி. எம்கேடாக்ஸில் சும்மா ஒரு மாதிரி போட்டுப் பார்த்தால் தமிழ்த் தலைப்புகளுக்கு ஆங்கர் _1, _2, _3 என்று வருகிறது. நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் எல்லாம் ஒன்று தள்ளிப் போகிறது. அட்டவணையில் இதை எப்படி எழுதுவது?

நிரல்வழி

எழுதாதீங்க. எம்கேடாக்ஸ் உள்ளே பயன்படுத்துற பைத்தான் மார்க்டவுன் தலைப்பிலிருந்து ஆங்கர் செய்யும்போது ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்தை எல்லாம் இயல்பா நீக்கிடும். தமிழ்த் தலைப்புல மிச்சம் ஒண்ணும் இருக்காது, அதனால வெறும் வரிசை எண். இதுல மோசமானது என்னன்னா, தலைப்பு சேர்த்த பிறகும் _2 இருக்கும், அதனால உங்க பில்ட் சோதனை பாஸ் ஆகிடும். ஆனா அது வேற பத்தி.

யூனிகோட் ஸ்லக் (தலைப்பிலிருந்து செய்யற ஆங்கர் பெயர்) போடலாம், அப்போ தமிழ்லயே ஆங்கர் வரும். மெயில்ல ஒட்டினா சதவீதக் குறியா நீண்டு போகும், தலைப்புல ஒரு எழுத்து திருத்தினாலும் ஆங்கர் மாறும். ஆட்ரிப்யூட் லிஸ்ட் எக்ஸ்டென்ஷனை ஆன் பண்ணி, ஐடி அட்டவணைல வர்ற தலைப்புக்கெல்லாம் கையாலேயே ஆங்கர் கொடுக்கிறதுதான் சரி. தமிழ்ப் பக்கத்துலயும் ஆங்கிலப் பக்கத்துலயும் அதே ஆங்கர். அப்போ மொழிக்கு மொழி அட்டவணை தேவைப்படாது.

படிமுறை

பிடிஎஃப்-ஐ அப்படியே மாற்றிப் போடும் யோசனையைப் பற்றி. கையேடு மெனு வரிசையில் போகும். எஃப்1 அழுத்துபவர் ஒரு வேலையின் பாதியில் நிற்கிறார். அதே வாக்கியங்களை ஹெச்டிஎம்எல்-இல் பார்த்தாலும் அவருக்குப் பயனில்லை.

பழைய கையேடுகளில் இப்படித்தான் இருக்கும்:

«இருப்புச் சரிசெய்தல் திரையானது பயனர்கள் தங்கள் சரக்கு இருப்பினைச் சரிசெய்துகொள்ள வழிவகை செய்கிறது. இதில் கிடங்கு, பொருள், எண்ணிய அளவு, காரணம் ஆகிய புலங்கள் உள்ளன. சேமி பொத்தானை அழுத்தினால் விவரங்கள் சேமிக்கப்படும்.»

திரையைப் பார்த்தாலே தெரிவதைத் தவிர இதில் எதுவும் இல்லை. இதையே உதவிப் பக்கமாக எழுதினால்:

«கணக்கு இருப்பும் கையிருப்பும் ஒத்துப்போகாதபோது சரிசெய்தல்
தொடங்கும் முன்: உங்களுக்குக் கிடங்கு மேலாளர் அனுமதி இருக்க வேண்டும். அந்த மாதக் கணக்கு முடிக்கப்பட்டிருக்கக் கூடாது.
1. இருப்பு > சரிசெய்தல் திறந்து, கிடங்கைத் தேர்ந்தெடுங்கள்.
2. பொருளைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு இருப்பு வலப்பக்கம் தெரியும்.
3. எண்ணிய அளவு பெட்டியில், எண்ணிப் பார்த்த மொத்தத்தை இடுங்கள். 50 என்று கணக்கில் இருந்து 47 கையில் இருந்தால் 47 என்று இடுங்கள். 3 என்றோ -3 என்றோ இட வேண்டாம்.
4. காரணத்தைத் தேர்ந்தெடுத்து, சேமி அழுத்துங்கள்.
இருப்பு உடனே மாறும். இருப்பு அறிக்கையில் சரிசெய்தல் என்று தனி வரி சேரும்.
சேமி மங்கலாக இருந்தால்: மாதக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. தேதியை நடப்பு மாதத்துக்கு மாற்றுங்கள்.»

மூன்றாம் படியில் அந்த 47 எங்கிருந்து வரும்? சப்போர்ட் டிக்கெட்டிலிருந்துதான். நிரலரைக் கேட்டால் "மொத்தம் இடணும், அதான் பெட்டியிலேயே இருக்கே" என்பார். எழுதுபவர் முதல் வாரம் டிக்கெட்டுகளை மட்டும் படிக்கட்டும். அடிக்கடி வரும் 15, 20 கேள்விகளுக்கு முதலில் பக்கம். மீதித் திரைகளின் ஐடிகள் அதுவரை மாட்யூல் முதல் பக்கத்துக்கே போகட்டும்.

ஒரு படியில் வாக்கிய வரிசையும் முக்கியம். நிபந்தனை முதலில், இடம் அடுத்து, செயல் கடைசியில். «நீக்கு அழுத்துங்கள், பில் ஏற்கெனவே அனுப்பப்படாமல் இருந்தால்» என்று எழுதினால் பாதி பேர் நீக்கிவிட்டுத்தான் மீதியைப் படிப்பார்கள். எச்சரிக்கையும் அப்படியே, ஆபத்தான படிக்கு முன்னால் வர வேண்டும். ஒரு பக்கத்தில் படிகள் ஏழெட்டைத் தாண்டினால் பெரும்பாலும் அங்கே இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கும், பிரித்துவிடுங்கள்.

பக்கங்களைச் செய்முறை, விளக்கம், குறிப்புப் பட்டியல் என்று மூன்று வகையாக மட்டும் வையுங்கள், ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். 2005-இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமான டிட்டா என்ற ஆவண எழுத்து முறையின் அடிப்படைப் பிரிவும் இதுவே. ஒருவர் எழுதும் இடத்துக்கு டிட்டா எக்ஸ்எம்எல் தேவையே இல்லை, அந்தப் பிரிவினை மட்டும் போதும். எஃப்1 எப்போதும் செய்முறைப் பக்கத்துக்கே போகட்டும்.

பொத்தான் பெயர்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். செயலியின் ரிசோர்ஸ் கோப்பில் அந்தப் பெயர் ஏற்கெனவே இரு மொழியிலும் இருக்கிறது. பில்ட் நேரத்தில் அங்கிருந்து மாறியாக இழுத்துக்கொள்ளுங்கள். யாரோ சேமி என்பதைப் பதிவு செய் என்று மாற்றினால் எல்லாப் பக்கமும் தானே மாறும்.

பிழைச்செய்திகளுக்குத் தனிப் பக்கங்கள் வையுங்கள், செய்தி வாசகத்தையே எழுத்து மாறாமல் தலைப்பாக வையுங்கள். அதைத்தான் நகலெடுத்துத் தேடுவார்கள். வாசகத்தின் நடுவே பில் எண் போல மாறும் பகுதி இருந்தால் மாறாத துண்டை மட்டும் தலைப்பாக்குங்கள்.

240 படங்களையும் தூக்கிவிடலாம் என்பது என் கருத்து. எஃப்1 அழுத்தியவர் அந்தத் திரையின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பிக்சல்

எல்லாப் படத்தையும் தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெப் பக்கத்தைத் தேடி வந்தவர் திரைக்கு முன்னால் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று அவருக்கு உறுதி வேண்டும். செய்முறைக்கு ஒரு படம் வையுங்கள். கண்ணில் படாத ஐகான், வலது க்ளிக் மெனு மாதிரியான இடங்களுக்கு இன்னொன்று. 240 என்பது தானாக 50, 60-க்கு வரும்.

பிஎன்ஜி மட்டும். ஜேபெக்கில் எழுத்தின் ஓரம் கசங்கும், தமிழில் புள்ளியே காணாமல் போகும். எல்லாப் படமும் ஒரே சாளர அளவில், விண்டோஸ் ஸ்கேலிங் 100 சதவீதத்தில் எடுங்கள். ஒருவர் 125-இல் எடுத்தால் அடுத்தடுத்த படங்களில் எழுத்தளவு குதிக்கும். படத்துக்கென்று ஒரு மாதிரி டேட்டாபேஸ் வைத்து எப்போதும் அதிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் உண்மையான வாடிக்கையாளர் பெயர் ஒருநாள் உள்ளே வந்துவிடும்.

படத்துக்குள் சொற்களை எழுதாதீர்கள். 1, 2, 3 என்று எண் வட்டம் மட்டும் போட்டு, விளக்கத்தைக் கீழே எழுதினால் மொழிபெயர்ப்பில் படத்தைத் தொட வேண்டியதில்லை. அந்த வட்டங்களும் எஸ்விஜி (கோட்டுப் பட வடிவம்) அடுக்காகத் தனியே இருக்கட்டும், அடியில் உள்ள படம் மாறினாலும் அவை இருக்கும். வெப் பதிப்புக்குப் ப்ளேரைட் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) ஸ்கிரிப்ட் எழுதினால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் இரு மொழியிலும் படம் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் பதிப்புக்குக் கைவேலைதான்.

வேர்ச்சொல்

தேடலைப் பற்றி ஒருவரும் விவரமாகச் சொல்லவில்லை. தமிழில் அதைச் சும்மா விட்டால் வேலை செய்யாது.

«இருப்பு» என்று தேடுபவருக்கு «இருப்பை», «இருப்பில்» என்று எழுதிய பக்கங்கள் கிடைக்காது. முன்னொட்டுத் தேடல் (தட்டிய எழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் தேடுவது) போட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் கடைசி உகரம் போய்விடுகிறது. «பணம்» இன்னும் மோசம், «பணத்தை» என்று நடுவிலேயே மாறுகிறது. ஸ்பிங்க்ஸின் தேடலுக்கு உள்ளமைந்த மொழிகளில் தமிழ் இல்லை. ஸ்னோபால் ஸ்டெம்மர் (சொல்லை அதன் வேருக்குக் குறைக்கும் நிரல்) தொகுப்பில் தமிழ் இருக்கிறது, லூனர் என்ற தேடல் நிரலுக்கான மொழித் தொகுப்பிலும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை இணைக்கலாம். இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் ஒரே ஸ்டெம்மர் ஓட வேண்டும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல்: «ஒ» உயிர்மெய்க் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் வரலாம். பார்வைக்கு «பொருள்» ஒன்றே, தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். இன்டெக்ஸிலும் தேடும் சொல்லிலும் என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்டெம்மர் வேலை தள்ளிப்போகும் என்றால், பக்கத்துக்கு ஒரு மறைவான சொற்பட்டியல் வையுங்கள். சரிசெய்தல் பக்கத்தில் இருப்பு, இருப்பை, கையிருப்பு, ஸ்டாக் (தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும்), டேலி ஆகலை. மக்கள் தட்டும் சொல் இதுதான். என்ன சேர்க்க வேண்டும் என்பதை ஆன்லைன் பிரதியில் பதில் கிடைக்காத தேடல்களின் லாக் சொல்லிவிடும்; மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்தால் போதும். «இந்தப் பக்கம் உதவியதா» பொத்தானை நான் அவ்வளவாக நம்புவதில்லை, கோபமாக இருப்பவர்தான் அதை அழுத்துவார்.

சரக்கறை

கடைசியாக இரண்டு. ஆங்கிலப் பக்கம் மாறியதும் தமிழ்ப் பக்கம் பழசாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? அச்சிட்ட கையேடு கேட்பவர்களுக்கு என்ன கொடுப்பது?

பழைய_ஹெல்ப்

முதல் கேள்விக்காகவே நான் ஸ்பிங்க்ஸ் பக்கம் சாய்வேன். மூலப் பக்கங்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து பிஓ (மொழிபெயர்ப்பு) கோப்பாகக் கொடுக்கும். ஆங்கிலப் பத்தி ஒன்று மாறினால் அதன் தமிழுக்கு ஃபஸ்ஸி (சரிபார்க்க வேண்டியது) என்று குறி விழும். அந்தக் குறியை எடுக்கும்வரை வெளியீட்டில் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் வரும். அசிங்கமாகத் தெரியும்தான், ஆனால் பழைய படியைத் தமிழில் சொல்வதைவிட மேல். ரிலீஸுக்கு முன் ஃபஸ்ஸி எண்ணிக்கை பூஜ்யமா என்று பில்டில் ஒரு சோதனை வையுங்கள். எம்கேடாக்ஸில் மொழிக்கொரு கோப்பு என்பதால் இந்தக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சுக்கு: அதே மூலத்திலிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். ஸ்பிங்க்ஸ் லேடெக் (அச்சுக்கான பக்க அமைப்பு மென்பொருள்) வழியாக எடுக்கும்போது இயல்பான எஞ்சின் தமிழுக்கு ஒத்துவராது, ஸீலேடெக் என்று மாற்றி ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவைக் கொடுங்கள். அது வேண்டாம் என்றால் எல்லாப் பக்கத்தையும் ஒரே ஹெச்டிஎம்எல் ஆக்கி க்ரோமிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம், தமிழ் சிக்கலில்லாமல் வரும். பழைய 180 பக்கக் கோப்பை மட்டும் சர்வரிலிருந்து எடுத்துவிட்டு, அந்த யூஆர்எல்லுக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட்) போட்டுப் புது முகப்புக்கு அனுப்பிவிடுங்கள். சப்போர்ட்டின் பழைய மெயில்களில் அந்த லிங்க் எத்தனை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.